ஆமில தொடங்கின தோல் வருத்தத்துக்கு அமெரிக்க வீ.ஏ. கிளைம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கட அத்தான், அதாவது அக்காட மனுசன், கிறீன் கார்ட் லொத்தர்ல அமெரிக்கா போய் 2007ல அங்கத்த ஆமில சேர்ந்தவர், 2009ல ஈராக், 2012ல வெளிய வந்து கொஞ்ச வருசத்தால திரும்ப வெள்ளவத்தைக்கே வந்திட்டார். ரெண்டு காலிலயும் முழங்கைலயும் சொரியாசிஸ், தோல் செதில் செதிலா உரியிற வருத்தம். அவருக்கு பேப்பர் வேலை எண்டாலே அலர்ஜி, அதால அந்தக் கிளைம் முழுக்க நான்தான் இருந்து செய்தது, ஒருக்கா மறுத்து ரெண்டாந்தரம் கிடைச்சது. அதுக்குப் பிறகு சொந்தக்காரர், அவைட சிநேகிதர், கொட்டாஞ்சேனைல ஒரு அங்கிள் எண்டு ஆளாளுக்கு அதே கேள்வியதான் கேக்கினம், திரும்பத் திரும்ப போன்ல சொல்லிக் களைச்சுப் போனதால இங்க எழுதி வைக்கிறன். நான் லோயரும் இல்ல டொக்டரும் இல்ல.

வீ.ஏ. எண்டா என்ன, இது இலங்கை ஆமி ஆக்களுக்கும் பொருந்துமா?

பொருந்தாது. வீ.ஏ. எண்டுறது அமெரிக்காட முன்னாள் படையினருக்கான திணைக்களம், சேவைல வந்த வருத்தத்துக்கு அதுட்ட மாசக் காசு கேக்கிறதுதான் இந்தக் கிளைம். இங்கத்த ஆமி பென்சனுக்கு வேற சட்டம், வேற கந்தோர், அத நான் இதுல தொடல்ல. எங்கட ஆக்கள் அங்க ஆமில இருப்பினமோ எண்டு கேக்காதீங்க, கிறீன் கார்ட் இருந்தாலே சேரலாம், இடையில மவ்னி எண்டு ஒரு திட்டத்துல பாசை தெரிஞ்ச வெளிநாட்டு ஆக்கள எடுத்த நேரம் அந்தப் பாசை லிஸ்ட்ல தமிழும் சிங்களமும் கூட இருந்தது.

தோல் வருத்தம் இருக்கு, ஆமில இருந்தவர். இது ரெண்டும் காணாதா?

எல்லாரும் தடுக்கி விழுற இடம் இதுதான், நாங்களும் இதுலதான் விழுந்தனாங்க.

மூண்டு விசயம் வேணும். இப்ப வருத்தம் இருக்கு எண்டு டொக்டர் பேர் வச்சு எழுதின ஒண்டு. ஆமில இருந்த காலத்துல ஏதோ நடந்தது எண்டுறதுக்கு ஒண்டு, அது வருத்தமா தொடங்கினதாவும் இருக்கலாம், காயமாவும் இருக்கலாம், ஏதும் கெமிக்கல் பட்டதாவும் இருக்கலாம். மூண்டாவது அந்த ரெண்டையும் இணைக்கிற முடிச்சு, அதத்தான் அவை நெக்ஸஸ் எண்டுறது. முதல் ரெண்டையும் நாங்க கட்டுக்கட்டா குடுத்தம், மூண்டாவதுக்கு ஒரேயொரு வசனம், அதுவும் சோத்தி வசனம். மறுப்புக் கடிதத்துல அதத்தான் எழுதியிருந்தது, வாசிக்கேக்க கோவம் வந்தது, ஆனா பிழை எங்கடதான்.

காலப் படம் காட்டினா அவை இரங்குவினம் எண்டு நினைச்சு நான் 40 படம் அனுப்பினனான். வருத்தம் எவ்வளவு மோசம் எண்டுறது பிறகு அதுக்கு எத்தனை வீதம் போடுறது (அத வச்சுத்தான் காசு) எண்டு பாக்கேக்கதான் வேலைக்காகும். முதல்ல அவை பாக்கிறது இது அங்க இருந்து வந்ததா எண்டு மட்டும்தான்.

அப்ப அந்த முடிச்சுக் கடிதம் எப்பிடி இருக்க வேணும்?

முதல் தரம் நாங்க போன டொக்டர் (பேர் வேண்டாம், நல்ல மனுசன்) லெட்டர்ஹெட்ல எழுதித் தந்தது இவ்வளவுதான்: இவருக்கு சொரியாசிஸ், இது ராணுவ சேவையோட தொடர்பா இருக்கக்கூடும். இந்த "கூடும்" இருக்கே, அதுதான் ஆளைக் கவுக்கிறது. மே பீ, குட் பீ எண்டு எழுதினா அவைக்கு அது ஊகம், அதுக்குப் பெறுமதி இல்ல.

அவை கேக்கிற அளவு உண்மையில பெருசில்ல. பாதிக்குப் பாதி சாத்தியம் இருந்தாலே காணும். அவைட பாசையில "அட் லீஸ்ட் அஸ் லைக்லி அஸ் நொட்", அதாவது இல்லை எண்டுறதுக்கு எவ்வளவு இருக்கோ குறைஞ்சது அவ்வளவு ஆமெண்டுறதுக்கும் இருக்கு. தராசு சமமா நிண்டா முடிவு ஆமில இருந்த ஆளின்ட பக்கம், அது சட்டத்துலயே இருக்கு. ஆனா டொக்டர் அந்த மந்திரத்த மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் பிரயோசனமில்ல, ஏன் எண்டு எழுத வேணும். 2008ல அங்கத்த கோர்ட் ஒண்டு நியெவெஸ்-ரொட்ரிகஸ் எண்ட கேஸ்ல சொன்னதும் இதுதான், டொக்டரின்ட கருத்துக்குப் பலம் அதுக்குப் பின்னால இருக்கிற காரணத்துல.

ரெண்டாந்தரம் வேற ஒரு தோல் டொக்டர். பின்னேரம் கிளினிக்ல கடைசி நம்பரா சனல் பண்ணிப் போனம், இத ஒரு ரகசியமாவே வச்சிருங்க, 7ஆம் நம்பர் எடுத்தா வெளிய 30 பேர் காத்திருப்பினம், அஞ்சு நிமிசத்துக்கு மேல டொக்டரால கதைக்க ஏலாது. கடைசி ஆளெண்டதால அவர் கதிரைய இழுத்துப் போட்டு அத்தான்ட ஆமி மெடிக்கல் பைல முழுக்க வாசிச்சவர். பிறகு எழுதினது கிட்டத்தட்ட இப்பிடி: ஆமில சேரேக்க செய்த பரிசோதனைல தோல் சுத்தம், 2009ல ரெண்டு முன்னங்காலிலயும் செதில் செதிலா வந்ததா மெடிக் (ஆமி மருத்துவ உதவியாள்) எழுதியிருக்கு, பூட்ஸ் உரசுற அதே இடம், சொரியாசிஸ் வாற தன்மை உள்ள ஆளுக்கு தோல்ல உரசல் காயம் பட்ட இடத்துலயே அது கிளம்பும், அதுக்கு கெப்னர் எண்டு பேர், குடும்பத்துல வேற ஆருக்கும் இல்ல, அதக் கிளப்பக்கூடிய லித்தியம், பீட்டா புளொக்கர் மாதிரி மருந்தொண்டும் எடுக்கேல்ல, ஆனபடியா சேவைல தொடங்கினதாக இருக்க குறைஞ்சது 50 வீத சாத்தியம். ஒண்டரைப் பக்கம்தான்.

டொக்டர் எழுத மாட்டன் எண்டுறார், கோட் கேஸ் வரும் எண்டு பயப்படுறார்?

இங்க கனபேர் அப்பிடித்தான். இது ஆரையும் குற்றம் சொல்லுற கடிதமில்ல, ஆமி பிழை விட்டது எண்டு எழுதச் சொல்லேல்ல, சேவை செய்த காலத்துல தொடங்கினதா இல்லையா எண்டுறது மட்டும்தான் கேள்வி எண்டு விளங்கப்படுத்துங்க. நான் பைல்ல முக்கியமான பக்கங்களுக்கு மஞ்சள் துண்டு ஒட்டி, கேள்விய ஒரு தாள்ல டைப் பண்ணிக் கொண்டு போனனான். விடையையும் நீங்களே எழுதிக் கொண்டு போகாதீங்க, நல்ல டொக்டருக்கு அது பிடிக்காது, அதோட எல்லாக் கடிதமும் ஒரே அச்சுல வார்த்தா வாசிக்கிறவைக்கும் விளங்கும்தானே.

ஆமி பைல்ல "பங்கஸ்" எண்டு எழுதியிருக்கு, இப்ப டொக்டர் சொல்றது சொரியாசிஸ். வேற வேற வருத்தமெண்டு தள்ளி விடுவினமா?

தள்ள இடம் இருக்கு, அதாலதான் கடிதத்துல இதுக்குப் பதில் இருக்க வேணும். எங்களுக்கும் இதே கதை. 2009 துண்டுல டினியா, அதாவது தோல் பங்கஸ் எண்டு எழுதி பக்கத்துல ஒரு கேள்விக்குறி, ஒரு ஆன்டிபங்கல் கிறீம். பாலைவனத்துல மெடிக் கண்ணால பாத்து எழுதினது, செதிலச் சுரண்டி மைக்ரோஸ்கோப்புல பாத்ததா ஒரு குறிப்பும் இல்ல. மூண்டு தரம் அதே கிறீம் குடுத்தும் மாறேல்ல. 2018ல கொழும்புல தோல் துண்டு வெட்டி பயொப்சி செய்த பிறகுதான் சொரியாசிஸ் எண்டு வந்தது. மாறாத பங்கஸ் தொடக்கத்துலயே பங்கஸா இருந்திருக்காது எண்டு டொக்டர் ரெண்டு வரி எழுதினவர், அதுதான் எங்களக் காப்பாத்தினது எண்டு நான் இண்டைக்கும் சொல்லுவன்.

கிளைம் போமில வருத்தத்தின்ட பேர ஒடுக்கி எழுதாதீங்க. "ரெண்டு காலிலும் கையிலும் தோல் வருத்தம், சொரியாசிஸ் உட்பட" எண்ட மாதிரி எழுதுங்க. 2009ல கிளெமன்ஸ் எண்ட கேஸ்ல, ஆள் டொக்டரில்ல, அவர் கேக்கிறது தன்ட உடம்பில இருக்கிற குறைக்குத்தான், ஒரு பேருக்கு மட்டுமில்ல எண்டு கோர்ட் சொல்லியிருக்கு.

அண்டைல இருந்து இண்டு வரைக்கும் விடாமக் கடிக்குது. அதுவே இணைப்பு இல்லையா?

சில வருத்தங்களுக்கு ஆம். வீ.ஏ. சட்டத்துல நாட்பட்ட வருத்தங்கள் எண்டு ஒரு லிஸ்ட் இருக்கு, 3.309 எண்ட பிரிவில, அதுல இருக்கிற வருத்தமெண்டா விடாமத் தொடர்ந்தது எண்டுறதே முடிச்சாகும். குஷ்டம், லூபஸ் எல்லாம் அதுல இருக்கு. கரப்பனும் சொரியாசிஸும் இல்ல. 2013ல வோக்கர் எண்ட கேஸ்ல இந்த வழி லிஸ்ட்ல இருக்கிறதுக்கு மட்டும்தான் எண்டு கோர்ட் முடிச்சு விட்டது. அதால எங்களுக்கு டொக்டர் கடிதம் வேணும், ஆனா விடாம இருந்தது எண்டுற சாட்சி அந்த டொக்டருக்கே பெரிய உதவி.

ஆமி பைல்ல ஒரு வரியும் இல்ல, அவர் அங்க ஒருக்காலும் மருந்தெடுக்கப் போகேல்ல எண்டா?

கஷ்டம், ஆனா முடிஞ்சு போகேல்ல. தோல் வருத்தத்துல ஒரு வசதி, அது கண்ணுக்குத் தெரியும். நெஞ்சுக்குள்ள இருக்கிறத மனுசி பாக்க ஏலாது, காலில செதில் கொட்டுறத பாக்கலாம், படுக்கை விரிப்ப உதறேக்க அது மாவு மாதிரிக் கொட்டுறது எங்கட அக்காக்குத் தெரியும். அப்பிடிக் கண்டவை எழுதலாம், கூட இருந்த ஆமிக்காரர், மனுசி, அம்மா. அதுக்கு 21-10210 எண்டு ஒரு போம் இருக்கு. கண்டத எழுதுங்க, எப்ப, எந்த இடத்துல, எப்பிடி இருந்தது எண்டு. "இது ஆமியாலதான் வந்தது" எண்டு அம்மா எழுதக் கூடாது, அது டொக்டரின்ட வேலை. தமிழ்ல எழுதினா ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து வையுங்க.

அதவிட பழைய ஈமெயில் தேடிப் பாருங்க. அத்தான் 2009 நவம்பர்ல அக்காக்கு அனுப்பின ஒண்டு அவட பழைய யாகூல கிடந்தது: "சப்பாத்துக் கழட்டினா சொக்ஸோட தோலும் உரிஞ்சு வருது, நித்திரைல சொறிஞ்சு ரத்தம், அம்மாட்டச் சொல்லாத." காதல் கடிதமெண்டு அக்கா வெட்கப்பட்டவ, அந்த நாலு வரிய மட்டும் காட்டுவம் எண்டு நான் சண்டை பிடிச்சு எடுத்தது. பத்து வருசத்துக்குப் பிறகு எழுதின சத்தியக்கடதாசிய விட அண்டைக்கே எழுதினதுக்குப் பெறுமதி கூட.

ஆமி பைல் கையில இல்லாட்டி செயின்ட் லூயிஸ்ல இருக்கிற ஆவணக் காப்பகத்துக்கு எஸ்எப்-180 போம் போட்டுக் கேக்கலாம். மிகப் பழைய ஆக்கள் எண்டா ஒரு சிக்கல், 1973 ஜூலை 12ல அங்க பத்தின நெருப்புல 1960க்கு முன்னம் விலகின ஆமிக்காரரின்ட பைல்கள்ல பெரும்பகுதி எரிஞ்சு போச்சு.

வெளிய வரேக்க நிரப்பின போமில "தோல் வருத்தம் இல்லை" எண்டு புள்ளடி போட்டிட்டார்!

எல்லாரும் போடுறதுதான். உண்டு எண்டு போட்டா இன்னும் ரெண்டு கிழமை மறிச்சு வச்சு செக் பண்ணுவினம், வீட்ட போற அவசரம். ஏன் அப்பிடிப் போட்டனான் எண்டு ஆள் தன்ட கையால எழுதிக் குடுக்கட்டும், மறைக்காதீங்க, அந்தத் தாள் அவைட்ட இருக்கு.

ஆமிக்குப் போக முன்னமே கொஞ்சம் கரப்பன் இருந்தது எண்டா?

சேரேக்க செய்த பரிசோதனைல எழுதப்படேல்ல எண்டா, சேர்ந்த அண்டு ஆள் சுகமா இருந்தார் எண்டுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், அத உடைக்கிறது அவைட பொறுப்பு, லேசில்ல. எழுதப்பட்டிருந்தா, சேவைல அது வழமைய விடக் கூடினது எண்டு காட்ட வேணும்.

ஈராக்ல குப்பை எரிச்ச புகை, வியட்நாம்ல ஏஜென்ட் ஒரேஞ்ச், இதுகளுக்கு தானாக் கிடைக்கும் எண்டுறாங்களே?

பாதி உண்மை. 2022 ஓகஸ்ட் 10ல பைடன் கையெழுத்துப் போட்ட பாக்ட் சட்டம், குப்பை எரிச்ச குழிகளின்ட புகையால வந்ததா எடுத்துக்கொள்ளுற வருத்தங்களுக்கு ஒரு நீட்டு லிஸ்ட் போட்டது, அதுல மெலனோமா எண்ட தோல் புற்றுநோய் இருக்கு, சொரியாசிஸ், எக்ஸிமா (கரப்பன்) இல்ல. ஆனா அதே சட்டத்துல, நச்சுப் பட்டிருக்கக்கூடிய இடத்துல இருந்தவர் கிளைம் போட்டா பொதுவா வீ.ஏ. தானே ஒரு மெடிக்கல் பரிசோதனையும் கருத்தும் ஏற்பாடு பண்ண வேணும் எண்டு இருக்கு. ஈராக்ல 1990 ஓகஸ்ட் 2க்குப் பிறகு இருந்தவை அந்தப் புகை பட்டவைதான் எண்டு எடுத்துக்கொள்ளுவினம்.

ஏஜென்ட் ஒரேஞ்ச் எண்டுறது வியட்நாம் சண்டைல காடு கருக அமெரிக்க ஆமி தெளிச்ச களைநாசினி, அதுக்கு குளோரக்னி எண்ட பரு மாதிரி வாற வருத்தம் லிஸ்ட்ல இருக்கு, ஆனா பட்ட ஒரு வருசத்துக்குள்ள வந்திருக்க வேணும். 1968ல பட்டு 1995ல வந்தது எண்டு சொன்னா அந்த வழி மூடி.

ஈராக் மாதிரி வளைகுடாப் பக்கம் ஆமில சேவை செய்த ஆக்களுக்கு இன்னொரு வழி, ஆறு மாசத்துக்கு மேல தோல்ல ஏதோ இருக்கு, எவ்வளவு பாத்தும் டொக்டர்மாரால பேர் வைக்க ஏலேல்ல எண்டா "கண்டுபிடிக்கப்படாத வருத்தம்" எண்டு கேக்கலாம். பேர் வச்சா அந்த வழி போச்சு, வினோதம்தான்.

வீ.ஏ. பரிசோதனைக்குக் கூப்பிடுற நாள் தோல் நல்லா இருந்தா?

அத்தானுக்கு அதுதான் நடந்தது, ஆறு கிழமையா கால் முழுக்க பத்திக் கிடந்திட்டு பரிசோதனைக்கு முதல் கிழமை வடிஞ்சு போச்சு, அக்கா சந்தோசப்பட, நான் தலைல கை வச்சிட்டன். 1994ல ஆர்டிசன் எண்ட கேஸ்ல, கூடிக் குறையுற தோல் வருத்தத்த கூடி இருக்கிற நேரம் பாக்க வேணும் எண்டு கோர்ட் சொல்லியிருக்கு, அத நடைமுறைல ஒழுங்கு பண்ணுறது கஷ்டம். அதால படம். நாங்க ஒவ்வொரு முறை கூடேக்கையும் காலுக்குப் பக்கத்துல அண்டைய வீரகேசரிய திகதி தெரியிற மாதிரி வச்சு எடுத்தம். எத்தனை நாள் நிண்டது, என்ன மருந்து எண்டு ஒரு சிஆர் கொப்பில குறிச்சு வைச்சம். பரிசோதனை நாள் வேப்பெண்ணெய், வசலின் ஒண்டும் பூசிக்கொண்டு போகாதீங்க, செதில் படிஞ்சு போய் ஒண்டும் தெரியாது.

வெளிநாட்டுல இருக்கிறதால அமெரிக்கா போக வேண்டியதில்ல, இங்கயே ஒரு டொக்டரிட்ட அனுப்புவினம். போகாம விட்டா அதோட கிளைம் படுத்திடலாம்.

எத்தனை வீதம் தருவினம்?

உடம்பில எவ்வளவு இடம், எப்பிடியான மருந்து, இந்த ரெண்டுல எது கூடவோ அது. முழு உடம்பிலயோ, இல்லாட்டி முகம் கழுத்து கை மாதிரி வெளிய தெரியிற இடத்துலயோ 5 வீதத்துக்குக் குறைவு, பூச்சு மருந்து மட்டும் எண்டா பூச்சியம். 5ல இருந்து 20க்குள்ள எண்டா 10 வீதம், 20ல இருந்து 40 வரை எண்டா 30, 40க்கு மேல 60. மருந்துக் கணக்கில, போன 12 மாசத்துல உடம்புக்குள்ள போற மருந்து ஆறு கிழமைக்குக் குறைவா எடுத்தா 10, ஆறு கிழமையோ கூடவோ எடுத்தா 30, கிட்டத்தட்ட வருசம் முழுக்க எண்டா 60. மெத்தோட்ரெக்ஸேட் குளிசை, பயோலொஜிக் ஊசி, ஒளிச் சிகிச்சை எல்லாம் இதுக்குள்ள வரும், குளொபெட்டசோல் பூசுறது வராது, எவ்வளவு கடுமையான பூச்செண்டாலும். கை நிறைய பாமசி பில் இருந்தாலும் எல்லாம் டியூப் எண்டா அந்த வழியால ஏறாது.

வீதத்துக்காக பிரெட்னிசொலோன் எண்ட ஸ்டீரொயிட் குளிசை கேட்டு டொக்டரக் கரைச்சல் படுத்தாதீங்க, சொரியாசிஸ்ல அத எடுத்து நிப்பாட்டேக்க சீழ்க் கொப்புளமாத் திருப்பி அடிக்கலாம்.

இடத்த அளக்க ஒரு வழி, ஆளின்ட சொந்த உள்ளங்கை விரலோட சேர்த்து உடம்பில கிட்டத்தட்ட 1 வீதம். அக்கா பழைய கலண்டர் மட்டையில அத்தான்ட கைய வச்சு பென்சிலால கீறி வெட்டி, காலில வச்சு வச்சு எண்ணினவ, ஒரு காலுக்கு நாலரை, மற்றதுக்கு அஞ்சு, முழங்கை ரெண்டும் சேர்த்து ஒண்டு. பரிசோதிச்ச டொக்டர் எழுதினது 10. எங்களுக்கும் 10 வீதம் கிடைச்சது.

காசு 2025ல 10 வீதத்துக்கு மாசம் 175.51 டொலரா இருந்தது, தனி ஆளுக்கு 30 வீதமெண்டா 537.42. பூச்சிய வீதம் எண்டா காசில்ல, எண்டாலும் எடுத்து வையுங்க, இணைப்ப ஒத்துக்கொண்ட மாதிரித்தானே, பிறகு கூடினா வீதத்த மட்டும் கேக்கலாம். ஏற்றுக்கொண்ட வருத்தத்துக்கு கொழும்புல செய்யிற வைத்தியச் செலவையும் எப்எம்பி எண்ட வெளிநாட்டு வைத்தியத் திட்டத்துல கேக்கலாம், பில்லும் டொக்டரின்ட குறிப்பும் கவனம்.

கனகாலமாச்சு, பிந்திட்டுதா? எங்க தொடங்குறது?

கிளைம் போடக் கடைசித் திகதி எண்டு ஒண்டில்ல, 30 வருசத்துக்குப் பிறகும் போடலாம், பழைய காசுதான் வராது. அதால முதல்ல 21-0966 போட்டு "கிளைம் போடப் போறன்" எண்டு ஒரு துண்டு வையுங்க, அது திகதிய ஒரு வருசத்துக்குப் பிடிச்சு வைக்கும், அதுக்குள்ள டொக்டர் கடிதம் எல்லாம் சேர்த்து 21-526ஈசட் போமை அனுப்பலாம். எங்களுக்கு இது தெரியாம அஞ்சு மாசக் காசு போச்சு.

மறுத்தா ஒரு வருசத்துக்குள்ள மூண்டு வழி: புது ஆதாரத்தோட திரும்பப் போடுற சப்ளிமென்டல் கிளைம், அதே ஆதாரத்த மேல ஒராள் திரும்பப் பாக்கிறது, இல்லாட்டி வீ.ஏ.ட அப்பீல் சபைக்கு (போர்ட்) அப்பீல். கடிதம்தான் சோத்தி எண்டா சப்ளிமென்டல்தான், அதே பேப்பரத் திரும்பப் பாக்கச் சொல்லி என்ன பிரயோசனம். ஒரு வருசத்துக்குள்ள போட்டா முதல் போட்ட திகதியும் தப்பும்.

ஒராள் 30 வீதம் குடுத்தா எல்லாம் செய்து தாறன் எண்டுறான்?

குடுக்காதீங்க. முதல் முடிவு வர முன்னம், கிளைம் போட்டுத் தாறதுக்கு காசு வாங்கவே அங்கத்த சட்டம் விடாது, லோயரும் கூட. டிஏவி, விஎப்டபிள்யூ, அமெரிக்கன் லீஜன் மாதிரி முன்னாள் படையினர் சங்கங்கள்ல வீ.ஏ. அங்கீகரிச்ச ஆக்கள் சும்மா செய்து குடுப்பினம், இங்க இருந்தே ஈமெயில்ல கதைக்கலாம், நேர வித்தியாசம்தான் ஒரு தொல்லை, அவைக்கு விடியேக்க எங்களுக்கு ராச்சாப்பாடு.

சொரியாசிஸ் கிடைச்ச பிறகு இப்ப விரல் மூட்டும் வீங்குது?

மூட்டு டொக்டரிட்டக் காட்டுங்க, சொரியாசிஸோட வாற மூட்டுவாதம் எண்டு ஒண்டு இருக்கு. அதுக்குத் திரும்ப ஆமி வரைக்கும் போக வேண்டியதில்ல, ஏற்கனவே ஏற்றுக்கொண்ட சொரியாசிஸால இது வந்தது எண்டு டொக்டர் காரணத்தோட எழுதினாக் காணும், அது தனி வீதம். அத்தானுக்கு வலக்கை நடுவிரல் ரெண்டு மாசமா வீங்கி மோதிரம் ஏறுதில்ல, வாற புதன் சனல் பண்ணியிருக்கு, கடைசி நம்பர்.